மாதாவின் காலடியில் மடித்து வைத்த காகிதம்

இரண்டு கல்லறைத் திருநாள்களில் நான் என் கணவரின் கல்லறைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். சுற்றிலும் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பூ வைத்தார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், அழுதார்கள். என்னால் குனியக்கூட முடியவில்லை. என் கையால் ஏற்ற வேண்டிய மெழுகுவர்த்தியை என் நாத்தனார் ஏற்றினாள். நான் மேலிருந்து பார்த்தேன். அன்று ஆண்டவரிடம் கேட்டது ஒன்றுதான். எனக்கு ஓட வேண்டாம், மாடி ஏற வேண்டாம். இந்த இரண்டடி மட்டும் கீழே இறங்க வேண்டும். இறங்கி, எழ வேண்டும். அவ்வளவு போதும் என்றேன்.

அந்த ஜெபம் கேட்கப்பட்டது. எப்படிக் கேட்கப்பட்டது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நம் தெருக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் மாதம் ஒருவர் எழுந்து சாட்சி சொல்கிறீர்கள். என் முறை வரும்போதெல்லாம் நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் உள்ளே போய்விடுவேன். உங்களுக்கே தெரியும். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் எழும்பாது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன், யாராவது வாசியுங்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான்.

என் பெயர் பிலோமினா. வயது ஐம்பத்திரண்டு. ஒரு பேக்கரியின் பின்கட்டில் ரஸ்க் பாக்கெட் போடுகிறேன். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து வரை மேசைக்கு முன்னால் நின்றபடியே வேலை. பதினேழு வருடமாக அதே மேசை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டுக்காரர் அந்துவான், எலக்ட்ரீஷியன். அவரை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் இருந்த இடத்தில் சத்தம் இருக்கும்.

எங்கள் வீட்டில் பேசுகிற வாய் அவருடையதுதான். மளிகைக் கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் கேட்பது அவர். ஆஸ்பத்திரியில் என் வயிற்றுவலியை டாக்டரிடம் சொல்வதும் அவர். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் மட்டும் பேசுவேன். நிறையப் பேசுவேன். யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும். எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் பீடத்தில் மாதா சுரூபத்தின் காலடியில் வைப்போம். ரேஷன் கார்டு விண்ணப்பம், கரண்ட் பில், மருந்துச் சீட்டு, எல்லாம். நான்தான் வைப்பேன். மறுநாள் காலையில் அவர் சட்டை போட்டுக்கொண்டே கேட்பார். பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி என்னை மதாம் என்றுதான் கூப்பிடுவார்.

"மதாம், மாதா படிச்சு முடிச்சுட்டாங்களா? குடு, இனிமே நான் பாக்குறேன்."

எடுத்துப் படித்து, எங்கே போக வேண்டுமோ போய் முடித்துவிட்டு வருவார். வைப்பது என் வேலை, எடுப்பது அவர் வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான்.

நான்கு வருடங்களுக்கு முன்பு தவக்காலத்தில் ஒரு மதியம், வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். நான் ரஸ்க் மேசையில் நின்றுகொண்டிருந்தேன். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் பேசுவதே நின்றுவிட்டது. யாரோடும் சண்டை இல்லை. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த வருடம் நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. கூட்டமான கூட்டம். நான் அவர் கல்லறையின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, சிமெண்டில் கை வைத்து, குனிந்து அவரிடம் பேசினேன். அரை மணி நேரம் பேசியிருப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஜெபம் என்று நினைத்திருப்பார்கள். மிக்ஸி ரிப்பேர் ஆனதைச் சொன்னேன். வாசல் லைட்டு எரியவில்லை, எலக்ட்ரீஷியன் வீட்டிலேயே இருட்டு என்று சொன்னேன். எழும்போது முட்டி பிடித்துக்கொண்டது. என் நாத்தனார் ரோசாலியும் அவள் வீட்டுக்காரரும் இரண்டு பக்கமும் தூக்கிவிட்டார்கள். வலித்தாலும் மனசு லேசாக இருந்தது. இனி வருடத்துக்கு ஒரு நாளாவது இப்படிப் பேசலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வருடத்துக்குள் என் முட்டி இரண்டும் என்னை ஏமாற்றிவிட்டன. காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் பத்து நிமிஷம் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். பஸ் படி ஏறினால் எலும்போடு எலும்பு உரசும். வலது முட்டி மாலையில் வீங்கும். தரையில் உட்காருவதை விட்டேன். கோவிலில் எல்லோரும் முழங்காலிடும்போது, பின்னால் போட்டிருக்கும் நாற்காலி வரிசைக்குப் போனேன். எழுபது வயதுக்காரர்களோடு உட்கார்ந்தேன். கல்லறைத் திருநாள் அன்று, நான் முதலில் சொன்னதுபோல், நின்றேன்.

நின்றால் என்ன, நின்றுகொண்டே பேச வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். என்னால் முடியாது. நின்ற இடத்திலிருந்து பேசினால் பக்கத்துக் கல்லறைக்காரர்களுக்கெல்லாம் கேட்கும். எனக்குத் தரையோடு தரையாக இறங்க வேண்டும். கிசுகிசுவென்று சொன்னால் அவருக்குக் கேட்கிற தூரம் வேண்டும். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த பேச்சை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஈஸ்டர் முடிந்து ரோசாலி என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். வலிக்கு மாத்திரை எழுதினார். ஒரு காகிதத்தைக் கொடுத்து, "இதுல இருக்குற பயிற்சிய தினம் செய்ங்கம்மா, பிசியோகிட்ட போய் ஒருவாட்டி பாத்து கத்துக்குங்க" என்றார். நான் தலையாட்டினேன். பிசியோ எங்கே இருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை. ரோசாலி மருந்து வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தேன். காகிதத்தை நாலாக மடித்து மாதாவின் காலடியில் வைத்தேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மறுநாள் அந்தக் காகிதத்தை எடுக்க வீட்டில் ஆள் இல்லை.

எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. வலிக்கிற காலை அசைத்தால் இன்னும் தேயும் என்றுதான் நினைத்தேன். ஒரு பக்கம் ஜெபம், இன்னொரு பக்கம் உடற்பயிற்சி என்று போனால் மாதாவை நம்பாததுபோல் ஆகும் என்றும் ஒரு பயம் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் மாதா பிறந்தநாள் நவநாள் தொடங்கியது. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் இரண்டு மாதம்தான். இந்த முறை கேட்டே வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒன்பது நாளும் வெறும் சிமெண்ட் தரையில் முழங்காலிட்டு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்வது என்று நேர்ந்துகொண்டேன். என் முட்டிக்காக என் முட்டியையே காணிக்கையாகக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். கட்டிலைப் பிடித்து இறங்குவேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி முடிப்பேன். கண்ணீர் தரையில் சொட்டும். வலி கூடக் கூட மாதாவுக்குக் கேட்கிறது என்று நம்பினேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஜெபமாலை முடிந்தது. என்னால் எழ முடியவில்லை. இரண்டு முட்டியும் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் ரோசாலி நவநாள் பாயசம் கொண்டுவந்தாள். என்னைப் பார்த்துப் பாத்திரத்தை அப்படியே வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ அண்ணி, என்னா பண்ணி வச்சிருக்கீங்க!"

அவள் தூக்க, நான் பீடத்து மேசையைப் பிடித்தேன். மேசை ஆடியது. மாதா சுரூபம் சாயப்போனது, ரோசாலி ஒரு கையால் பிடித்துவிட்டாள். அடியில் இருந்த காகிதம் மட்டும் பறந்து கீழே விழுந்தது. மேலெல்லாம் மெழுகு சொட்டியிருந்தது. என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு அவள் அதை எடுத்துப் பிரித்தாள். படித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணி, இத நீங்க படிச்சீங்களா?"

"இல்ல."

"மொத வரி என்னா போட்டிருக்கு தெரியுமா? வெறும் தரையில் முழங்காலிட வேண்டாம். கறுப்பா, பெருசா போட்டிருக்கு."

ஐந்து மாதமாக அந்தக் காகிதம் அங்கே இருந்தது. ஒன்பது நாளும் அதற்கு நேர் முன்னால்தான் முழங்காலிட்டிருந்தேன். நான் எதைக் கேட்டு அழுதேனோ அதற்கான பதிலை மாதா காலடியிலேயே வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். கை நீட்டி எடுக்கத்தான் ஆள் இல்லை.

வலி அடங்கின பிறகு ரோசாலியோடு பிசியோவுக்குப் போனேன். அங்கே கயல்விழி என்று ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். எப்போதிலிருந்து வலி என்று கேட்டாள். வழக்கம்போல் ரோசாலி பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் இருங்க. கால் யாருதோ அவங்க பேசட்டும்."

எனக்கு வியர்த்துவிட்டது. ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். காகிதத்தை நீட்டினேன்.

"இது ஈஸ்டர் டைம்ல குடுத்தது. இவ்ளோ நாளு எங்க வச்சிருந்தீங்கமா?"

"மாதா காலடில."

அவள் புடவையை விலக்கி முட்டியைப் பார்த்தாள். இரண்டும் கறுத்து, தோல் உரிந்திருந்தது. "இது என்னா, விழுந்துட்டீங்களா?"

"முட்டி போட்டு ஜெபம் பண்ணேன்."

"எதுக்கு?"

"முட்டி நல்லாவணும்னு."

கயல்விழி உதட்டைக் கடித்துக்கொண்டாள். முதலில் சிரித்தது ரோசாலிதான். பிறகு அந்தப் பெண். பிறகு நான். அவர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சிரிப்பு முடியும்போது அழுகையாகிவிட்டது.

"பேப்பர மாதாகிட்ட குடுத்துட்டீங்க, சரி. எக்ஸர்சைஸயும் அவங்களே செஞ்சுடுவாங்கன்னு விட்டுட்டீங்களா?" என்றாள் அவள். கேலிதான். ஆனால் என் கண்ணைத் துடைக்கப் பஞ்சு எடுத்துக் கொடுத்தாள். "பாருங்கமா, தேஞ்சது தேஞ்சதுதான். அத என்னால திருப்பித் தர முடியாது. ஆனா தொடை சதைக்கு பலம் வந்துச்சுன்னா பாரத்த அது தாங்கிக்கும், முட்டி தப்பிச்சுக்கும். அசைக்காம வச்சிருந்தீங்கன்னா இன்னும் இறுகிப் போவும்."

அப்போது நானாக ஒரு கேள்வி கேட்டேன். "தரைல எறங்க முடியுமாமா?"

"தரைல என்னா வேல?"

சொன்னேன். என் கணவர் கல்லறை, மெழுகுவர்த்தி, கிசுகிசு, எல்லாம் சொன்னேன். அவள் சாமி வேறு, வழக்கம் வேறு. ஆனாலும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தேதி சொல்ல மாட்டேன்மா. செய்ங்க. பாப்போம்" என்றாள்.

கொடுத்த பயிற்சிகள் பார்க்க ஒன்றுமே இல்லாதவை. கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை முட்டியால் அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். படுத்தபடி குதிகாலை மெதுவாக இழுத்து மடக்கி, மறுபடி நீட்ட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டிப் பிடித்து, தொப்பென்று போடாமல் மெல்ல இறக்க வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்து தடவை.

பத்து என்றதும் எனக்கு ஜெபமாலைதான் ஞாபகம் வந்தது. ஒரு மணிக்கு ஒரு தடவை என்று கையில் மாலையோடு செய்தேன். ஒரு நாள் அதை அவள் முன்னாலேயே செய்து காட்டினேன். ஜெபத்தை ஓட்டமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு, காலும் அதே ஓட்டத்தில் போனது.

"மெதுவா, மெதுவா. உங்க மாதா எங்கயும் ஓடிட மாட்டாங்க" என்றாள்.

அன்றிலிருந்து என் ஜெபமும் மெதுவானது. சிறு வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் வார்த்தைகளை முதல் தடவையாக நானே காது கொடுத்துக் கேட்டேன்.

முட்டிக்கு அடியில் சுருட்டி வைத்தது அவருடைய நீலத் துண்டு. வீட்டில் வேறு துண்டு இல்லாமல் இல்லை.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தபோது பயிற்சி தொடங்கி ஏழெட்டு வாரம்தான் ஆகியிருந்தது. காலை விறைப்பு குறைந்திருந்தது. தரையில் இறங்கலாமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றாள். மறுபடி நின்றேன். மழை வேறு. ரோசாலி குடையின் கீழே குனிந்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். மழைத்தண்ணீர் அவர் பெயர்மேல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தொட்டுத் துடைக்கக்கூட எட்டவில்லை.

டிசம்பரில் பேக்கரியில் கிறிஸ்துமஸ் கேக் வேலை. இரவு எட்டு வரை நின்றோம். வலது முட்டி சூடாகி, பந்துபோல் வீங்கிவிட்டது. அவ்வளவுதான், எனக்கு மனசு விட்டுப்போயிற்று. மூன்று மாதம் செய்ததற்கு இதுதானா என்று மாதாவிடம் கேட்டேன். காகிதத்தை நாலாக மடித்து மறுபடி அவர் காலடியில் வைத்தேன். முதல் முறை நம்பிக்கையில் வைத்தேன். இந்த முறை கோபத்தில். கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது. பயிற்சியும் இல்லை, ஜெபமாலையும் இல்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, ரோசாலி வந்தாள். பீடத்தைப் பார்த்தாள். மெழுகு சொட்டிய அந்தக் காகிதம் அங்கே இருந்ததைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, அவள் அண்ணன் குரலிலேயே சொன்னாள்.

"மதாம், மாதா படிச்சு முடிச்சுட்டாங்களா?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டு மூன்று வருடம் ஆகப்போகிறது.

"அண்ணன் இருந்தா இந்நேரம் கேட்டிருக்கும், இல்ல?" என்றாள். காகிதத்தை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் எழுந்து போனேன். மாதாவின் காலடியில் கை வைத்தேன். என் வீட்டுக்காரர் வேலையை நான் செய்தேன். எடுத்தேன்.

மறுநாள் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கும் இடத்தில் நானே பேசினேன். இரண்டு தடவை "என்னாமா, சத்தமா சொல்லுங்க" என்றார்கள். மூன்றாவது தடவை சத்தமாகச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை, வானம் இடிந்து விழவில்லை.

கயல்விழி கோபப்படவில்லை. "வீங்குன அன்னிக்கி கம்மி பண்ணிக்கணும்மா. சும்மா நீட்டி மடக்குனா போதும். ஆறுனதும் பழையபடி தொடங்கணும். மறுநா காலைலயும் வலி நிக்குதுன்னா முந்துன நாளு அதிகம் செஞ்சுட்டீங்கன்னு அர்த்தம். ஒரேயடியா விட்டீங்கன்னா மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றாள். பிறகு, வேலையில் உட்கார ஏதாவது உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். கேளுங்கள் என்றாள்.

முதலாளியிடம் கேட்க எனக்கு நான்கு நாள் ஆனது. ஒரு உயரமான ஸ்டூல் வேண்டும் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கா இவ்ளோ வருஷம் நின்னீங்க? வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல!"

அன்று மாலையே ஸ்டூல் வந்தது. பதினாறு வருடம் கழித்து உட்கார்ந்து ரஸ்க் போட்டேன்.

அதற்குப் பிறகு பயிற்சி நிற்கவில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி வந்தது. முதலில் இரண்டு தலையணை போட்டு உயர்த்திய நாற்காலி, பிறகு ஒன்று, பிறகு வெறும் நாற்காலி. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் பீச் ரோட்டில் வண்டி விடாத நேரத்தில் நானும் ரோசாலியும் நடந்தோம். மேடு பள்ளம் இல்லாத இடம். முதலில் ஐந்து நிமிஷம், ஒரு பெஞ்சு, மறுபடி ஐந்து நிமிஷம். கயல்விழி ஷூ போடச் சொல்லியிருந்தாள்.

"பொடவைக்கு கீழ ஷூவு! பொம்பள போலீஸு மாதிரியே இருக்கீங்க அண்ணி. ஒரு சல்யூட்டு அடிச்சுக்கட்டுமா?" என்று ரோசாலி நடுரோட்டில் நின்று சிரிப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும். எல்லோரும் என் காலையே பார்ப்பதுபோல் இருக்கும். யாரும் பார்க்கவில்லை. அவரவர் கடலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நானும் கடலைப் பார்த்தேன். அவரும் நானும் சம்பளம் வாங்கிய சனிக்கிழமைகளில் வந்து உட்காருகிற இடம் அது. பேசிக்கொண்டே இருப்பேன். அவர் சுண்டல் தின்றுகொண்டே "ம்" போடுவார். அந்த "ம்" கேட்க எனக்கு இன்றைக்கும் ஆசையாக இருக்கிறது.

மறுபடி மாதா பிறந்தநாள் நவநாள் வந்தது. இந்த முறை ஒன்பது நாளும் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி மடக்கி ஜெபமாலை சொன்னேன். அந்த வாரம்தான் கயல்விழி ஒரு மெத்தையைத் தரையில் போட்டாள். எதிரில் ஒரு நாற்காலி.

"இன்னிக்கி எறங்கலாம்" என்றாள்.

நாற்காலியில் இரண்டு கையும் ஊன்றி, வலது காலைப் பின்னால் வைத்து, மெதுவாக அந்த முட்டியை மெத்தையில் இறக்க வேண்டும். எழும்போது பலமுள்ள இடது காலை முன்னால் ஊன்றி, கைகளால் நாற்காலியை அழுத்தி எழ வேண்டும். முதல் தடவை பாதியில் பயந்து நிமிர்ந்துவிட்டேன். இரண்டாம் தடவை இறங்கினேன். எழுந்தபோது அவள் கைதட்டினாள். அங்கே தோள் வலிக்கு வந்திருந்த பெரியவரும், எதற்கென்று தெரியாமலே, நல்ல கையால் தொடையில் தட்டினார்.

"முட்டிக்கு கீழ மெத்துன்னு இருக்கணும். ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேணாம். சொல்லிட்டேன்" என்றாள்.

இரண்டு நிமிஷம். எனக்கு அது பெரிய நேரம்.

போன நவம்பர் இரண்டாம் தேதி. காலையெல்லாம் மழை. மதியம் விட்டது. கல்லறைத் தோட்டத்துக்குள் சேறும் சாமந்தியும் மெழுகு வாசனையும். நான் ஒரு அரிசிச் சாக்கும், நாலாக மடித்த அவருடைய நீலத் துண்டும் கொண்டுபோயிருந்தேன். சாக்கை ஈரத்தில் விரித்து, அதன்மேல் துண்டை வைத்தேன். நாற்காலி இல்லை. கல்லறையின் சிமெண்ட் விளிம்பு ஒரு முழ உயரம் இருந்தது. அதுதான் எனக்கு நாற்காலி.

ரோசாலி கை நீட்டினாள். "கையக் குடுங்க அண்ணி."

"இரு ரோசாலி. நானே எறங்குறேன்."

குனிந்து விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றினேன். வலது காலைப் பின்னால் வைத்தேன். மாதாவே என்றேன். மெதுவாக, மெதுவாக. அந்தப் பெண் சொன்ன மாதிரியே. முட்டி துண்டைத் தொட்டது. வலித்தது. தாங்குகிற வலிதான்.

அவர் பெயர்மேல் இருந்த மழைத்தண்ணீரை முந்தானையால் துடைத்தேன். தீக்குச்சி இரண்டு காற்றில் அணைந்தது. மூன்றாவது பிடித்தது. என் கையால் ஏற்றினேன்.

மூன்று வருடப் பேச்சு என்னிடம் இருந்தது. ஸ்டூல் கேட்டதைச் சொல்ல வேண்டும். சீட்டு வாங்கும் இடத்தில் சத்தமாகப் பேசியதைச் சொல்ல வேண்டும். ஷூவைச் சொன்னால் எப்படிச் சிரிப்பார்! எல்லாவற்றையும் வரிசையாக நினைத்து வைத்திருந்தேன். குனிந்தேன். அவருக்கு மட்டும் கேட்கிற தூரத்தில் வாயைக் கொண்டுபோனேன்.

"வந்துட்டேங்க" என்றேன்.

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வேண்டியிருக்கவும் இல்லை. நெற்றியைச் சிமெண்டில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். ரோசாலிதான் பின்னாலிருந்து, "அண்ணி, ரெண்டு நிமிஷம் ஆச்சு. அந்தப் பொண்ணு என்னைய திட்டும்" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

இடது காலை முன்னால் ஊன்றினேன். கையை அழுத்தினேன். எழுந்தேன்.

அன்பியத்தாரே, என் முட்டி புதிதாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தேய்ந்தது தேய்ந்ததுதான். கோவிலில் இன்னும் நாற்காலி வரிசையில்தான் உட்காருகிறேன். மணி அடித்து எல்லோரும் முழங்காலிடும்போது எனக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. மழைநாளில் வலிக்கிறது. அவர் வரப்போவதும் இல்லை. ஆனால் நான் கேட்ட இரண்டடியை ஆண்டவர் கொடுத்தார். ஒரே நாளில் தூக்கிக் கொடுக்கவில்லை. பத்து பத்தாக, ஒரு வருடத்துக்கு மேல், ஒவ்வொரு காலையும் கொடுத்தார். ரோசாலி வழியாகக் கொடுத்தார். நம் கோவிலுக்கு வராத ஒரு பெண்ணின் கை வழியாகக் கொடுத்தார். அவளுக்காகத் தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்கிறேன்.

அந்தக் காகிதம் இப்போது பீடத்தில் இல்லை. நாற்காலிக்கு எதிரில் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மெழுகுக் கறை அப்படியே இருக்கிறது. புதிதாக எந்தக் காகிதம் வந்தாலும் இன்றைக்கும் முதலில் மாதாவின் காலடியில்தான் வைக்கிறேன். ஒரு ராத்திரி அங்கே இருக்கும். காலையில் அவர் சட்டை போடுகிற நேரத்துக்கு நானே போய் எடுக்கிறேன்.

மூட்டுவலியோடு நம் தெருவிலேயே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நடையைப் பார்த்தாலே தெரிகிறது. என் காலுக்குச் சொன்னதை உங்கள் காலுக்குச் செய்யாதீர்கள். உங்கள் காலைக் காட்டிக் கேளுங்கள். கேட்க வாய் வராதவர்கள் யாராவது இருந்தால் என்னிடம் வாருங்கள். நான் கூட வருகிறேன். சீட்டு வாங்கும் இடத்தில் நான் பேசுகிறேன்.

ஜெபம் செய்யுங்கள். விடாமல் செய்யுங்கள். ஆனால் இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பீடத்தில் சுரூபத்தின் காலடியில் மடித்து வைத்த காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இருந்தால் எடுத்துப் பிரியுங்கள். மாதா படித்து முடித்துவிட்டார்.